மின்சாரத்தை நிறுத்தாதே

தார்மோ,
முதலில் இதைச் செய்யாதே:
மின்சாரத்தை நிறுத்தாதே.
ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு என்று
உனக்குத் தோன்றும். தோன்றட்டும்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
சூடு நின்றால் குழாய் வெடிக்கும்.
அப்புறம் அப்பாவின் வீட்டில்
அப்பாவும் இருக்கமாட்டார், தரையும் இருக்காது.

சாவை நாம் எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை.
மருத்துவமனை சொல்லிவிட்டது.
அரசாங்கக் கணினி நமக்கு முன்பே நம்பிவிட்டது.
புதன்கிழமை தபாலில்
'ஓய்வா அவர்களின் வாரிசுகளுக்கு' என்று ஒரு கடிதம்.
நான் அப்போதும்
அவருடைய பூட்ஸில் இருந்த பனியைத் தட்டி
அடுப்போரம் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கிறது.
ஆனால் சவப்பெட்டிக்கான பில்லைக் கொடுத்தால்
அதிலிருந்தே கட்டுகிறார்கள்.
கேட்டதும் சிரித்துவிட்டேன், கவுன்டரிலேயே.
கடைசிவரை ஒரு காப்பிக்குக்கூட
நம்மைப் பணம் எடுக்கவிடாத மனுஷன்.

மாத்திரைகளைக் குப்பையில் போடக்கூடாது,
மருந்துக்கடை திரும்ப வாங்கிக்கொள்ளும்.
ஒரு பை நிறையக் கொண்டுபோனேன்.
அந்தப் பெண் எண்ணவில்லை, விசாரிக்கவில்லை.
நான் எண்ணியிருந்தேன்.
ரத்த அழுத்த மாத்திரை அக்டோபரிலிருந்து
ஒன்றுகூடக் குறையவில்லை.
பக்கத்து வீட்டு ரௌஹாவிடம் இதைச் சொல்லாதே.
தினம் காலையில் போன் செய்து
"போட்டுக்கொண்டாயா?" என்று கேட்டவள் அவள்.

வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி
போலீசுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.
செல்போன் எண்ணை இப்போதைக்கு விட்டுவை.
காரின் காப்பீடு எந்தக் கம்பெனி என்று
அந்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி வரும்.
அதற்காக மட்டும்தான் என்று வைத்துக்கொள்.

இனி நீ உட்கார்ந்து படிக்க வேண்டியது.
பதினைந்து வயதிலிருந்து அவர் எந்தெந்த ஊரில்
பதிவாகியிருந்தாரோ, அத்தனை ஊரிலிருந்தும்
ஒரு தாள் வேண்டும்,
நம்மைத் தவிர வாரிசு இல்லை என்று காட்ட.
சல்லா, பிறந்த ஊர். சரி.
கெமி, காகித ஆலை. சரி.
நடுவில்: பொரோஸ், சுவீடன்.
அறுபத்தொன்பது முதல் எழுபத்திரண்டு வரை.

உனக்குத் தெரியுமா?
எனக்குத் தெரியாது.
கப்பலில் ஸ்டாக்ஹோம் போனோமே,
காப்பி கேட்கக்கூட என்னைத்தானே அனுப்பினார்,
அந்த மொழி ஒரு சொல்லும் வராது என்று.

அங்கிருந்து தாள் வர ஐந்து வாரம் ஆனது.
ஐந்து வாரமும் நமக்கு ஒரு அக்கா இருந்தாள்.
அவளுக்கு நான் பெயர்கூட வைத்துவிட்டேன்.
வந்தது: மணம் இல்லை, குழந்தை இல்லை.
ஒரு வாடகை அறையின் முகவரி, மூன்றாம் மாடி.
அவ்வளவுதான்.
அவள் இல்லாமல் போனதற்கு
யாரிடம் போய்த் துக்கம் சொல்வது?

சொத்துப் பட்டியல் மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும்.
நம்பகமான இருவர் உட்கார்ந்து விலை போட வேண்டும்.
யால்மாரியும் ரௌஹாவும் வந்தார்கள்.
படகு நூறு யூரோ என்றான் யால்மாரி.
"மோட்டாருக்கே முந்நூறு, வெட்கமில்லையா உனக்கு?" என்றாள்.
இருநூறு என்று எழுதினோம்.
மரம் அறுக்கும் ரம்பம், நாற்பது.
சவுனா அடுப்பு வீட்டோடு சேர்த்தி.
கைக்கடிகாரத்துக்கு இருவரும் வாயைத் திறக்கவில்லை.
பூஜ்யம் என்று நானே எழுதினேன்,
அது ஓடிக்கொண்டிருந்தது.

ஃப்ரீசரைப் பட்டியலில் சேர்க்கவில்லை.
உள்ளே முப்பத்தொரு டப்பா.
ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து:
பைக் மீன், ஜூன். புளூபெர்ரி, முன்வருடத்தது.
சதுப்பில் பறித்த மஞ்சள் பழம், 'தார்மோவுக்கு'.
அடியில் ஒன்றில் தேதி மட்டும் இருக்கிறது,
என்னவென்று இல்லை.
குலுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி.

மின்சாரத்தை ஏன் நிறுத்த வேண்டாம் என்றேன்,
குழாய்க்காக என்றுதானே?
சரி, குழாய்க்காகவும்.

நீ வரும்போது உன் கையெழுத்து இரண்டு இடத்தில் வேண்டும்.
ஓவுலுவிலிருந்து இருட்டுவதற்குள் கிளம்பு.
ஆணி டயர் மாட்டிக்கொள்.
சாலையில் கலைமான்கள் நிற்கின்றன,
ஹாரன் அடித்தால் நகர்வதில்லை.